இண்டெக்ஸ் ஃபண்டை விற்கத் துடிக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டு, மாதாமாதம் இண்டெக்ஸ் ஃபண்டில் பணம் போட்டுவரும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



தீபாவளி விருந்தானாலும் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பானாலும் இப்போது ஒரே கேள்விதான் வந்து நிற்கிறது. "வேன்கார்டு டோட்டல் மார்க்கெட்டை வித்துட்டு அவான்டிஸுக்கு மாறலாமா? டைமென்ஷனல் நல்லதாமே?" கேட்பவர்கள் சூதாடிகள் இல்லை. பத்துப் பதினைந்து வருடமாக ஒழுங்காகச் சேமித்து, ஒருமுறைகூடப் பதறி விற்காதவர்கள். அதனால்தான் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதை விட்டுவிட்டு எல்லோருக்குமாக எழுதுகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த இரண்டு ஃபண்டு நிறுவனங்களின் சரக்கு நல்ல சரக்குதான். ஆனால் அதற்கு இரண்டு விலை இருக்கிறது. ஃபண்டு நிறுவனம் வாங்கும் கட்டணம் சின்ன விலை. பெரிய விலையைப் பற்றி விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் ஒரு தெளிவு வேண்டும். அவர்கள் விற்கும் 'ஆக்டிவ் இடிஎஃப்' (பட்டியல் ஒன்றை அப்படியே பின்பற்றாமல் மேலாளர் முடிவெடுக்கும், பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டு) என்ற ஒரே பலகையின் கீழ் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பொருள்கள் விற்பனையாகின்றன. ஆர்க் இன்னோவேஷன் ஆக்டிவ்தான். சில டஜன் நிறுவனங்களில் பந்தயம் கட்டி, 2020-ல் ஒன்றரை மடங்கு லாபம் காட்டி, 2022-ல் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. ஜேபி மார்கனின் ஈக்விட்டி பிரீமியம் இன்கம் ஃபண்டும் ஆக்டிவ்தான். ஆப்ஷன் விற்று மாதாமாதம் கைக்குப் பணம் தருகிறது என்று நம்மவர்கள் பலர் அதில் மயங்குகிறார்கள். 2023-ல் எஸ் அண்ட் பி 500 டிவிடெண்டோடு சேர்த்து சுமார் 26 சதவீதம் ஏறியபோது அது 10 சதவீதத்தை ஒட்டியே நின்றது. போதாக்குறைக்கு, அந்த மாத வருமானத்தின் பெரும்பகுதிக்குச் சம்பளத்துக்குக் கட்டுவதுபோல வரி. இரண்டும் இந்த மடலின் பொருள் இல்லை.

நான் பேசுவது, சந்தையில் இருக்கும் ஆயிரக்கணக்கான பங்குகளையும் ஏறக்குறைய முழுவதுமாக வைத்துக்கொண்டு, அவற்றின் எடையை மட்டும் கொஞ்சம் மாற்றும் ஃபண்டுகளை. அவான்டிஸ் யு.எஸ். ஈக்விட்டி, டைமென்ஷனல் யு.எஸ். கோர் ஈக்விட்டி 2 இரண்டும் இந்த ஜாதி. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஈராயிரமோ அதற்கு மேலோ நிறுவனங்கள் இருக்கின்றன. ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் என்விடியாவும் இதிலும் மேலேதான் இருக்கும். சாம்பார் அதேதான், புளி மட்டும் ஒரு கை கூட.

அந்தப் புளி எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமான கதை. 1981-ல் டேவிட் பூத் நியூயார்க்கின் புரூக்ளினில் தன் குடியிருப்பிலேயே டைமென்ஷனல் நிறுவனத்தைத் தொடங்கினார். கூட ரெக்ஸ் சின்க்ஃபீல்டு. இருவருமே சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். இவர்களுக்குக் குரு யூஜீன் ஃபாமா. சந்தை விலையில் எல்லாத் தகவலும் ஏற்கெனவே இருக்கிறது, அதை முந்துவது ஏறக்குறைய முடியாத காரியம் என்று வாழ்நாள் முழுக்க வாதாடி 2013-ல் நோபல் வாங்கியவர். அவருடைய சீடர்கள் தொடங்கியதுதான் இன்று உலகின் மிகப் பெரிய 'ஆக்டிவ் இடிஎஃப்' கடைகளில் ஒன்று! 2008-ல் பூத் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 30 கோடி டாலர் கொடுத்தார். வணிகப் பள்ளி இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

சந்தையை முந்துவது கடினம் என்றவரின் சீடர்கள் 'ஆக்டிவ்' கடை திறந்ததில் முரண் இல்லை என்பதை ஃபாமாவும் கென்னத் ஃபிரெஞ்சும் 1992-லிருந்து எழுதிய கட்டுரைகளைப் பார்த்தால் புரியும். சிறிய நிறுவனங்களும், புத்தக மதிப்போடு ஒப்பிட்டால் மலிவாகக் கிடைக்கும் நிறுவனங்களும் நீண்ட காலக் கணக்கில் சந்தைச் சராசரியைவிட அதிகம் தந்திருக்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். பின்னால் லாபம் ஈட்டும் திறனும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஏன் அதிகம் தருகின்றன? இங்கேதான் பண்டிதர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அவற்றில் ஆபத்து அதிகம், அதற்கான கூலி அது என்பது ஃபாமா கட்சி. மக்கள் பளபளப்பான கம்பெனிகளுக்கு அதிக விலை கொடுத்துவிடுகிறார்கள், மங்கலானவற்றைத் தள்ளிவிடுகிறார்கள் என்பது எதிர்க்கட்சி. முதல் கட்சி சொல்வது உண்மையென்றால், இலவசமாக எதுவும் கிடைக்கவில்லை; ஆபத்தை வாங்கித்தான் கூலி பெறுகிறீர்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். அதிக லாபம் என்ற சொல் காதில் விழுந்ததும் மற்றதெல்லாம் நம் காதில் விழுவதில்லை.

நெடுங்காலம் டைமென்ஷனல் ஃபண்டை நம்மைப் போன்றவர்களால் நேராக வாங்க முடியவில்லை. அந்த நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஆலோசகர் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அந்த ஆலோசகர்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு சதவீதத்தை ஒட்டி எடுத்துக்கொள்வார்கள். புளியில் கிடைக்கக்கூடியது அவர்களிடமே போய்விடும். கதவு திறந்தது 2019-ல். டைமென்ஷனலில் இணைத் தலைவராக இருந்து வெளியேறிய எடுவர்டோ ரெபெட்டோ, அமெரிக்கன் செஞ்சுரி நிறுவனத்தின் கீழ் அவான்டிஸைத் தொடங்கி அந்த செப்டம்பரில் இடிஎஃப்களைப் பட்டியலிட்டார். அதே மாதம் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையமும் இடிஎஃப் தொடங்கத் தனித்தனி அனுமதி தேவையில்லை என்று பொது விதி கொண்டுவந்தது. டைமென்ஷனல் 2020 நவம்பரில் களத்தில் இறங்கியது. 2021 ஜூனில் சுமார் 2,900 கோடி டாலர் வைத்திருந்த நான்கு மியூச்சுவல் ஃபண்டுகளை ஒரேயடியாக இடிஎஃப்களாக மாற்றியது. (அமெரிக்காவின் முதல் ஆக்டிவ் இடிஎஃப் 2008 மார்ச்சில் பேர் ஸ்டெர்ன்ஸ் பெயரில் வந்தது, பேர் ஸ்டெர்ன்ஸே அதே மாதம் அடிமாட்டு விலைக்கு ஜேபி மார்கனிடம் போக ஒப்புக்கொண்டது. ஃபண்டும் அந்த ஆண்டே மூடப்பட்டது. பெயர் ராசி.) இன்று அமெரிக்காவில் எண்ணிக்கையில் ஆக்டிவ் இடிஎஃப்கள் இண்டெக்ஸ் இடிஎஃப்களை முந்திவிட்டன. பணம் மட்டும் இன்னும் இண்டெக்ஸ் பக்கம்தான் குவிந்து கிடக்கிறது.

சரி, இண்டெக்ஸைவிட இவை எதில் மேல் என்று சொல்கிறார்கள்? அடிக்கடி காட்டப்படும் உதாரணம் டெஸ்லா. 2020 நவம்பர் 16-ம் தேதி அதை எஸ் அண்ட் பி 500-ல் சேர்க்கப்போவதாக அறிவிப்பு வந்தது. டிசம்பர் 21-ல் சேர்த்தார்கள். இடைப்பட்ட ஐந்து வாரத்தில் பங்கு விலை சுமார் 70 சதவீதம் ஏறியது. அந்தப் பட்டியலைப் பின்பற்றும் ஃபண்டுகள் எல்லாம் ஏறிய விலையில், ஒரே நாளில், முண்டியடித்து வாங்கின. பட்டியலுக்குக் கட்டுப்படாதவர் இந்த நெரிசலில் சிக்க வேண்டியதில்லை. நியாயமான வாதம். ஆனால் உங்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது எஸ் அண்ட் பி 500 இல்லை, டோட்டல் மார்க்கெட். அதில் டெஸ்லா பல வருடமாகவே இருந்தது. நெரிசலுக்கு முன்பே உங்கள் கையில் இருந்தது. ஆக, இந்த உதாரணத்தைக் காட்டி உங்களிடம் விற்க வருபவரிடம் ஒரு புன்னகை போதும்.

கட்டணத்துக்கு வருவோம். டோட்டல் மார்க்கெட் இடிஎஃப்பில் ஆண்டுக்கு 0.03 சதவீதம். அவான்டிஸ் யு.எஸ். ஈக்விட்டியில் 0.15. ஒரு லட்சம் டாலருக்கு வருடம் 30 டாலர் கொடுத்தவர் 150 கொடுப்பார். வித்தியாசம் 120 டாலர். குடும்பத்தோடு ஒருமுறை வெளியே சாப்பிட்டால் போய்விடும் தொகை. ஒரு சதவீதம் வாங்கிய பழைய ஆக்டிவ் ஃபண்டுகளோடு இதை ஒப்பிடவே கூடாது. பொருளாதார அறிஞர் வில்லியம் ஷார்ப் 1991-ல் எழுதிய கணக்கு இன்றும் அசையாமல் நிற்கிறது: சந்தையிலிருந்து விலகி நிற்கும் எல்லோரையும் ஒன்றாகக் கூட்டினால் செலவுக்கு முன் சந்தைச் சராசரிதான் கிடைக்கும், செலவுக்குப் பின் அதற்கும் கீழே. அதனால்தான் அமெரிக்கப் பெருநிறுவனப் பங்குகளை வாங்கும் ஆக்டிவ் ஃபண்டுகளில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது, பதினைந்து வருடக் கணக்கில் எஸ் அண்ட் பி 500-ஐத் தாண்டுவதில்லை. ஷார்ப்பின் கணக்கிலிருந்து அவான்டிஸுக்கும் டைமென்ஷனலுக்கும் விலக்கு இல்லை. நீங்கள் ஜெயித்தால் எதிர்ப்பக்கம் யாரோ தோற்றாக வேண்டும். ஆனால் செலவு இவ்வளவு குறைவாக இருக்கும்போது தோற்றாலும் அடி பலமாக விழாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆயிரக்கணக்கில் பங்கு வைத்திருப்பதும் வீண் ஆடம்பரம் இல்லை. அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஹென்ட்ரிக் பெசெம்பைண்டர் 1926 முதல் 2016 வரையிலான அமெரிக்கப் பங்குகள் அனைத்தையும் எடுத்துப் பார்த்தார். அரசாங்கக் கடன் பத்திரத்துக்கு மேல் சந்தை உருவாக்கிய மொத்தச் செல்வமும் வெறும் நான்கு சதவீத நிறுவனங்களிலிருந்து வந்திருந்தது. அந்த நான்கு சதவீதம் எவை என்று முன்கூட்டிச் சொல்லத் தெரிந்தவர் யாரும் இல்லை. எல்லாவற்றையும் வைத்திருப்பதே வழி. அந்த விதத்தில் இந்த ஃபண்டுகள் பங்கு பொறுக்கும் ஃபண்டுகளைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இப்போது பெரிய விலை. அது காத்திருப்பு. இரண்டு வருடக் காத்திருப்பு இல்லை. 2007-லிருந்து 2020 வரை, மலிவான பங்குகள் வளர்ச்சிப் பங்குகளிடம் பெரும்பாலும் தோற்றுக்கொண்டே இருந்தன. பதின்மூன்று வருடம்! மழலையர் வகுப்பில் சேர்த்த குழந்தை பள்ளிப்படிப்பை முடிக்கும் காலம். அந்தக் காலம் முழுக்க, பக்கத்து வீட்டுக்காரர் எதையும் படிக்காமல் எஸ் அண்ட் பி 500 வாங்கிப்போட்டு உங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார். அவர் அதை ஒவ்வொரு விருந்திலும் சொல்லுவார். நம்மவர்கள் சொல்லாமல் விடுவார்களா?

அவான்டிஸின் சிறிய மலிவுப் பங்கு ஃபண்டையே பாருங்கள். 2022-ல் சந்தை 18 சதவீதம் விழுந்தபோது அது சொற்பமாகத்தான் விழுந்தது. அதற்கு முந்தைய வருடம் அமர்க்களமான ஏற்றம். அந்த இரண்டு வருட வரைபடத்தைப் பார்த்துத்தான் பெருங்கூட்டம் உள்ளே போனது. 2024-ல் எஸ் அண்ட் பி 25 சதவீதம் தந்தபோது அந்த ஃபண்டு தந்தது சுமார் 9. மேலாளர் தவறு செய்யவில்லை. என்ன செய்யப்போவதாகச் சொன்னாரோ அதையே செய்தார். மலிவான சிறிய பங்குகள் அந்த வருடம் ஓடவில்லை, அவ்வளவுதான். முதலில் சொன்ன, ஏறக்குறைய முழுச் சந்தையையும் வைத்திருக்கும் கோர் ஃபண்டுகளில் புளி குறைவு என்பதால் பின்தங்குவதும் சில சதவீதத்தோடு நிற்கும். முந்தும்போதும் அதே கணக்குதான்.

இன்னொரு சந்தேகமும் நியாயமானது. டேவிட் மெக்லீனும் ஜெஃப்ரி பான்டிஃபும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், சந்தையை முந்துவதாகக் கட்டுரைகளில் காட்டப்பட்ட ஏறக்குறைய நூறு உத்திகளை எடுத்துச் சோதித்தார்கள். கட்டுரை வெளியான பிறகு அந்த உத்திகள் தந்த கூடுதல் லாபம் பாதிக்கு மேல் வற்றிவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த ரகசியத்தில் எவ்வளவு மிஞ்சும்? ஏதோ கொஞ்சம் மிஞ்சும் என்பது என் நம்பிக்கை. மலிவாக வாங்கினால் நல்லது என்ற எளிய உண்மை அவ்வளவு சீக்கிரம் சாகாது. ஆனால் அது நம்பிக்கை, உத்தரவாதம் இல்லை. கட்டணம் உத்தரவாதம், வரி உத்தரவாதம், கூடுதல் லாபம் மட்டும் சொல்ல முடியாதது.

வரி என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த உத்திகள் மியூச்சுவல் ஃபண்டிலிருந்து இடிஎஃப்புக்கு ஓடிவந்ததே வரியால்தான். மியூச்சுவல் ஃபண்டிலிருந்து பெரிய முதலீட்டாளர்கள் வெளியேறினால் மேலாளர் பங்குகளை விற்றுப் பணம் தர வேண்டும். அந்த லாபம் டிசம்பரில் உங்கள் தலையில் விழும். நீங்கள் ஒரு யூனிட்கூட விற்றிருக்க மாட்டீர்கள். இடிஎஃப்பில் பெரிய தரகு நிறுவனங்கள் பணத்துக்குப் பதில் பங்குகளாகவே வாங்கிக்கொண்டு போகின்றன. எடையை அடிக்கடி மாற்றும் ஆக்டிவ் மேலாளருக்கு இது வரப்பிரசாதம். லாபத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு பங்குகளை மாற்ற முடிகிறது. எனவே வரி கட்டும் சாதாரணக் கணக்கில் ஆக்டிவ் ஃபண்டு வைத்திருந்தே தீருவேன் என்றால் அது இடிஎஃப்பாக இருக்கட்டும். 401(கே) திட்டங்களில் பெரும்பாலும் இடிஎஃப்பே கிடைக்காது; அங்கே இருக்கும் இண்டெக்ஸ் ஃபண்டை நிம்மதியாக வைத்திருங்கள்.

ஆனால் அந்த வரிச் சலுகையைக் காரணம் காட்டியே பழையதை விற்கிறேன் என்கிறீர்களே, அங்குதான் எனக்கு மனம் பதைக்கிறது. பத்து வருடமாகச் சேர்த்த டோட்டல் மார்க்கெட் யூனிட்களில் ஏறக்குறைய பாதி லாபமாக நிற்கும். இரண்டு லட்சம் டாலர் விற்று, அதில் ஒரு லட்சம் லாபம் என்றால், நீண்டகால லாபத்துக்கான மத்திய அரசு வரியே பலருக்கு 15,000 டாலர். கலிஃபோர்னியாவும் நியூஜெர்சியும் அதைச் சாதாரண வருமானம்போலவே கணக்கிட்டு மேலும் வாங்கும். கையில் இருக்கும் 15,000 டாலரை இன்றே கொடுத்துவிட்டு, வருமா வராதா என்று தெரியாத அரை சதவீதக் கூடுதல் லாபத்துக்காகப் பல வருடம் காத்திருப்பது எந்த ஊர்க் கணக்கு? ராத் ஐஆர்ஏ போன்ற ஓய்வுக் கணக்குக்குள் மாற்றினால் வரி இல்லை. புதிதாகச் சேமிக்கும் பணத்தைப் புதிய ஃபண்டில் போட்டாலும் வரி இல்லை. ஆசை தீராதவர்கள் அந்த இரண்டு வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாங்குவதானால் கோர் ஃபண்டு ஒன்று போதும். சிறிய பங்குக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று, வளரும் நாடுகளுக்கு ஒன்று என்று ஏழெட்டு வாங்கி அட்டவணை போட்டு மகிழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது முதலீடு இல்லை, பொழுதுபோக்கு. தவறில்லை, பொழுதுபோக்கு என்று தெரிந்து செய்தால் சரி.

அந்த ஏழெட்டு ஃபண்டை நாளைக்கு யார் கவனிப்பார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் ஒருவர்தான் இதையெல்லாம் பார்க்கிறார். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், இதில் அக்கறையே இல்லாத இன்னொருவர் அந்தக் கணக்கைத் திறந்து, ஏன் இந்த ஃபண்டு மூன்று வருடமாகப் பின்தங்குகிறது என்று குழம்பி, அருகில் இருக்கும் காப்பீட்டு ஏஜென்ட் சொல்வதைக் கேட்டு எல்லாவற்றையும் விற்றுவிடுவார்.

ஊருக்குத் திரும்ப நினைப்பவர்களுக்குத் தனியாகச் சில வரிகள். இங்கே இருக்கும்வரை இந்தியாவின் மியூச்சுவல் ஃபண்டையோ இடிஎஃப்பையோ வாங்கிவைத்தால் அமெரிக்க வரித்துறை அதற்குத் தண்டனை விகிதத்தில் வரி போடும். ஒவ்வொரு ஃபண்டுக்கும் 8621 படிவம் வேறு. அதனால் அமெரிக்க ஃபண்டுகளிலேயே இருப்பது சரி. ஆனால் அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல், கிரீன் கார்டையும் ஒப்படைத்துவிட்டுச் சென்னையிலோ கோவையிலோ நிரந்தரமாகக் குடியேறியபின் காலமாகிறவரின் அமெரிக்க ஃபண்டுகளுக்கு, 60,000 டாலருக்கு மேல் எஸ்டேட் வரி உண்டு. அது 40 சதவீதம் வரை போகும். அமெரிக்காவில் வாழ்பவர்களுக்கு உள்ள, ஒரு கோடி டாலரைத் தாண்டிய விலக்கு இவர்களுக்குக் கிடையாது. இந்தியாவோடு இந்த வரிக்கு ஒப்பந்தமும் இல்லை. அது வேன்கார்டா அவான்டிஸா என்று வரித்துறை கேட்காது. அயர்லாந்தில் பதிவான ஃபண்டுகள் இந்த வரிக்குள் வராது. அவான்டிஸும் 2024-லிருந்து அங்கே இடிஎஃப் நடத்துகிறது. ஆனால் அமெரிக்க வரிவாசியாக இருக்கும்போதே அவற்றை வாங்கினால் மறுபடி 8621 வந்துவிடும். எனவே வரிசைமுறை முக்கியம். திரும்புவதற்கு ஒரு வருடம் முன்பாவது இரண்டு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளரிடம் உட்காருங்கள். 0.12 சதவீதத்துக்காக இரவெல்லாம் விழித்திருந்து படிப்பவர்கள் இந்த 40 சதவீதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்று சொல்லும்போது எனக்குத் தலை சுற்றுகிறது.

கடைசியாக, 2022-ல் வரைபடத்தைப் பார்த்து ஏற்கெனவே மாறிவிட்டவர்களுக்கு. நீங்கள் இப்போது எதிர்க்கேள்வி கேட்கிறீர்கள்: "பின்தங்கிட்டே இருக்கே, எஸ் அண்ட் பிக்கே திரும்பிடலாமா?" வேண்டாம். ஃபண்டு மாறவில்லை. அன்று நீங்கள் வாங்கிய அதே வகைப் பங்குகள், அதே குறைந்த கட்டணம், அதே விதி. அன்று அவை ஓடியதால் வாங்கினீர்கள். இன்று என்விடியா ஓடுவதால் விற்கப் பார்க்கிறீர்கள். எஸ் அண்ட் பி 500-ன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்போது பத்தே நிறுவனங்களில் இருக்கிறது. அதற்கு ஒரு மாற்றாக இருக்கட்டும் என்றுதானே இதை வாங்கினீர்கள்? இண்டெக்ஸ் வைத்திருப்பவர் அதை விற்க வேண்டாம். இதை வைத்திருப்பவர் இதை விற்க வேண்டாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்